அழுத்தித் தடம் பார்த்தல்: கடினத்தன்மைச் சோதனைக்கு ஓர் அறிமுகம்

ஒரு பொருளின் வலிமையை அறிய நேர்வழி, அதிலிருந்து ஒரு கம்பியைக் கடைந்தெடுத்து, இரு முனைகளையும் பிடித்து, அறுந்துபோகும்வரை இழுப்பது. இழுவைச் சோதனை என்பது அதுதான். ஆனால் பற்சக்கரத்தின் ஒரு பல்லிலிருந்தோ, பற்றவைத்த இணைப்பின் ஓரத்திலிருந்தோ, ஒரே மைக்ரான் தடிமனுள்ள பூச்சிலிருந்தோ அப்படி ஒரு கம்பியை எடுக்க முடியாது. எடுக்க முடிந்தாலும் அந்தப் பாகம் அத்தோடு வீண்.

இப்படிப்பட்ட இடங்களில் கைகொடுப்பது அழுத்துச் சோதனை. வடிவம் துல்லியமாகத் தெரிந்த, மிகக் கடினமான ஒரு முனையைப் பொருளின் மேல் வைத்து, அளவு தெரிந்த விசையால் அழுத்தி, விழும் குழியை அளக்கிறோம். அந்த முனைக்கு ஆய்வகங்களில் இண்டென்டர் என்று பெயர். டங்ஸ்டன் கார்பைடு உருண்டையாகவோ பட்டை தீட்டிய வைரமாகவோ இருக்கும்.

கணக்கு எளியது: விசையைக் குழியின் பரப்பால் வகுத்தால் கடினத்தன்மை. இதில் விசையை அறிவது சுலபம்; எடைக்கற்களும், விசையை அளக்கும் உணரியான லோடு செல்லும் அதைத் திருத்தமாகத் தந்துவிடும். தொல்லை எல்லாம் பரப்பில்தான் இருக்கிறது. குழி சிறியது, அதன் ஓரம் மங்கலானது, விசையை எடுத்ததும் சற்று மீண்டெழுகிறது, சுற்றிலும் பொருள் பிதுங்கியோ அமுங்கியோ இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பரப்பைப் பிடிக்க ஒரு வழி. வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தப் பரப்பைத் தவறாகப் பிடித்ததால் வருபவை.

குழிக்கு அடியில் நடப்பது

ஓர் உருண்டையை உலோகத்தின் மேல் மிக மெல்ல அழுத்தினால் முதலில் குழியே விழாது. பரப்பு மீள்தன்மையோடு வளைந்து, விசையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இந்தக் கட்டத்துக்கான கணக்கை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் தொடக்கத்திலேயே போட்டுவிட்டார். அழுத்தத்தைக் கூட்டினால் நிரந்தர உருமாற்றம் தொடங்கும். அது தொடங்கும் இடம் பலர் நினைப்பதுபோல மேற்பரப்பு அல்ல. தொடுவட்டத்தின் ஆரத்தில் ஏறத்தாழ பாதியளவு ஆழத்தில், உள்ளே. சராசரி அழுத்தம் பொருளின் யீல்டு வலிமையைப் போல (அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, அதாவது ஓர் அலகு பரப்பில் செயல்படும் விசை) 1.1 மடங்கை எட்டும்போது அங்கே ஒரு சிறு பகுதி இளகுகிறது, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்குகிறது. ஆனால் சுற்றியுள்ள இளகாத பொருள் அதை நெருக்கிப் பிடித்திருப்பதால் அது எங்கும் நகர முடிவதில்லை. இன்னும் அழுத்த அழுத்த அந்தப் பகுதி வளர்ந்து மேற்பரப்பை எட்டுகிறது. அப்போது சராசரி அழுத்தம் யீல்டு வலிமையைப் போல சுமார் 3 மடங்கில் நிலைகொள்ளும்.

அந்த 3 தான் இத்துறையின் மிகப் பயனுள்ள எண். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய டேவிட் டேபர் இதை உலோகங்களுக்கு விரிவாக நிறுவினார். கடினத்தன்மையை மூன்றால் வகுத்தால் பொருள் இளகும் தகைவு தோராயமாகக் கிடைத்துவிடும். ஒரு நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. அழுத்தும்போதே உலோகம் இறுகிக்கொண்டு போகும். விக்கர்ஸ் வைரக் கூம்பகம் உண்டாக்கும் உருமாற்றம், இழுவைச் சோதனையில் ஏறத்தாழ 8 விழுக்காடு திரிபுக்குச் சமம். ஆகவே கிடைப்பது உலோகம் இளகத் தொடங்கும் தகைவு அல்ல. 8 விழுக்காடு நீண்டபின் அது தாங்கும் தகைவு. பதப்படுத்தி மென்மையாக்கிய செம்பு போன்றவற்றில் இவை இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. கண்ணாடி, பீங்கான், பாலிமர் ஆகியவற்றில் மீள்திரிபின் பங்கு அதிகம் என்பதால் அந்த மடங்கு 3ஐவிடக் குறையும். உலோகத்துக்கான விதியை அப்படியே அங்கே கொண்டுபோவது தவறு.

பிரினெல், ராக்வெல், விக்கர்ஸ்

சுவீடனைச் சேர்ந்த ஜோஹன் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் முன்வைத்த முறை இன்றும் வார்ப்படங்களுக்கும் உலைக்களத்தில் அடித்துருவாக்கிய பாகங்களுக்கும் முதல் தேர்வு. எஃகுக்கு 10 மி.மீ. உருண்டை, 3000 கிலோ விசை, 10 முதல் 15 விநாடி. விசையை எடுத்தபின் குழியின் விட்டத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். விட்டம் 4.00 மி.மீ. என்றால் விடை 229. குழியின் ஆழம் சுமார் 0.42 மி.மீ. பாகத்தின் தடிமன் குழி ஆழத்தைப் போல 8 மடங்காவது இருக்க வேண்டும் என்பதால், இந்த எஃகு 3.4 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால்தான் சோதனை செல்லும். எஃகின் பிரினெல் எண்ணை 3.4ஆல் பெருக்கினால் இழுவிசை வலிமை மெகாபாஸ்கலில் ஓரளவு வரும். 229க்குச் சுமார் 780. இது கலப்புக் குறைந்த எஃகுக்கான தோராயம். துருவேறா எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இந்தப் பெருக்கெண்ணைப் போட வேண்டாம்.

பிரினெல் குழி பெரியது என்பதே அதன் பலம். வார்ப்பிரும்பில் கிராஃபைட் இழைகளும் இரும்பும் கலந்து கிடக்கின்றன. சிறு குழி போட்டால் ஓரிடத்தில் கிராஃபைட் மேலும் இன்னோரிடத்தில் இரும்பின் மேலும் விழும். 4 மி.மீ. குழி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்துக்கொடுக்கும். விதி ஒன்று: குழியின் விட்டம் உருண்டை விட்டத்தில் 24 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இதைவிடச் சிறிதானால் ஓரம் தெளிவாகத் தெரியாது. பெரிதானால் உருண்டை புதைந்து, விசை கூடினாலும் எண் மாறுவதை உணர முடியாது. மென்மையான உலோகத்துக்கு விசையைக் குறைக்க வேண்டியதும் இதனால்தான். வெவ்வேறு உருண்டைகளில் எடுத்த எண்களை ஒப்பிட வேண்டுமென்றால் விசையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்த ஈவு ஒன்றாக இருக்க வேண்டும். எஃகுக்கு அது 30.

ராக்வெல் முறை அமெரிக்காவின் கனெடிகட்டில் பிறந்தது. ஹ்யூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். நுண்ணோக்கி வேண்டாம், கணக்கு வேண்டாம். முனை இறங்கிய ஆழத்தைக் கருவியே எண்ணாகக் காட்டிவிடும். கடினமான எஃகுக்கான சி அளவுகோலில் 120 பாகைக் கூம்பு வடிவ வைரம். அதன் நுனி ஆரம் 0.2 மி.மீ. முதலில் 10 கிலோ முன்விசை, அங்கே சுழி. பிறகு மொத்தம் 150 கிலோவுக்கு ஏற்றி, சில விநாடி நிறுத்தி, மீண்டும் 10 கிலோவுக்கு இறக்கி ஆழம் படிக்கப்படும். 0.002 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்று 100இலிருந்து கழித்தால் விடை. 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் சி அளவுகோலில் 60) என்றால் முனை நிரந்தரமாக இறங்கியது 0.08 மி.மீ. மட்டுமே.

ஒரு புள்ளிக்கு இரண்டே மைக்ரான் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாகத்துக்கு அடியில் ஒரு எண்ணெய்ப் படலம், ஒரு இரும்புத்தூள், சற்றே வளைந்த தகடு எதுவானாலும் விசை ஏறும்போது அமுங்கி, அந்த அமுக்கமும் ஆழமாகவே கணக்கில் சேரும். 10 மைக்ரான் அமுங்கினால் 5 புள்ளி குறைவு. நல்ல பாகமும் தேறாமல் போகும். முன்விசை வைத்திருப்பது மேற்பரப்பின் சொரசொரப்பைக் கணக்கிலிருந்து விலக்கத்தான். அடிப்பக்க அழுக்கை அது விலக்காது. முனையையோ தாங்கியையோ மாற்றினால் முதல் ஒன்றிரண்டு அளவுகளை எறிந்துவிடுங்கள், அவை இருப்பிடத்தில் பொருந்தவே போய்விடும். உருளை வடிவப் பாகத்தின் குவிந்த பரப்பில் அழுத்தினால் பக்கவாட்டுத் தாங்கல் குறைந்து எண் தாழ்ந்து வரும். அதற்கான திருத்த அட்டவணைகள் தரநூல்களில் உண்டு.

மூன்றாவது விக்கர்ஸ். 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் ஸ்மித், சாண்ட்லண்ட் இருவரும் உருவாக்கியது. சதுர அடியுள்ள வைரக் கூம்பகம். எதிர்ப் பக்கங்களுக்கு இடையே 136 பாகை. இந்தக் கோணம் குருட்டாம்போக்கில் வந்ததல்ல. பிரினெலில் விட்ட விகிதம் 0.375 ஆகும்போது உருண்டையின் தொடுகோடுகள் அமைக்கும் கோணம் இது. அதனால்தான் நடுத்தர எஃகில் இரண்டு எண்களும் அருகருகே வருகின்றன. கூம்பகத்துக்கு இன்னொரு நன்மை: குழி சிறிதானாலும் பெரிதானாலும் வடிவம் ஒன்றே. எனவே கொள்கையளவில் விசையை மாற்றினாலும் எண் மாறக் கூடாது. மிக மென்மையானதிலிருந்து வைரத்துக்கு அருகிலுள்ளது வரை ஒரே அளவுகோல் போதும்.

கணக்கு: கிலோவில் விசையை 1.8544ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 10 கிலோவில் இரு மூலைவிட்டங்கள் 0.300, 0.304 என்றால் சராசரி 0.302, விடை 203. விசையை எடுத்தபின் குழியின் ஆழம் கணிசமாக மீண்டெழும், ஆனால் மூலைகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆழத்தை விட்டு மூலைவிட்டத்தை அளப்பதன் காரணம் இதுதான்.

விசை குறையக் குறைய அளவீட்டின் கடுமை கூடும். அதே எஃகில் 100 கிராம் விசையில் போட்ட குழியின் மூலைவிட்டம் சுமார் 30 மைக்ரான். நுண்ணோக்கியில் ஓரத்தை ஒரு மைக்ரான் தள்ளிக் குறித்தால் மூலைவிட்டத்தில் 3 விழுக்காடு, வர்க்கம் ஆவதால் கடினத்தன்மையில் 6 விழுக்காட்டுக்கு மேல் பிழை. ஒரே குழியை இருவர் அளந்தால் இந்த அளவு வேறுபாடு வருவது சாதாரணம். ஆகையால், பூச்சோ மெல்லிய கடினப் படலமோ கட்டாயப்படுத்தாதவரை, பாகம் தாங்கும் மிகப் பெரிய விசையையே தேர்ந்தெடுப்பது நல்லது.

மெல்லிய படலத்துக்கும், உடையக்கூடிய பொருளுக்கும் 1939இல் அமெரிக்காவில் வந்த நூப் முனை உதவும். அதன் குழி நீண்ட சாய்சதுரம். நீளம் அகலத்தைப் போல 7 மடங்கு, ஆழம் நீளத்தில் முப்பதில் ஒரு பங்கு. நீள அச்சை மட்டும் அளந்தால் போதும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

மாதிரியின் பரப்பைத் தயாரிப்பதிலேயே பாதி வேலை முடிகிறது. பிரினெலுக்குச் சாணை பிடித்த பரப்பு போதும். நுண் விக்கர்ஸுக்கு வரிசையாக நுண்ணிய உப்புத்தாள்களில் தேய்த்து, கடைசியில் 1 மைக்ரான் வைரப் பசையில் மெருகேற்ற வேண்டும். தேய்க்கும்போது மேற்பரப்பு சூடேறினால் கடினமாக்கிய எஃகு அந்த இடத்தில் மென்மையாகிவிடும். அழுத்தித் தேய்த்தால் மென்மையான உலோகம் இறுகிவிடும். இரண்டிலும் நீங்கள் அளப்பது பொருளை அல்ல, உங்கள் தேய்ப்பை. தண்ணீர் விட்டு, ஒவ்வொரு தாளிலும் முந்தைய கீறல் முழுவதும் மறையும்வரை, மெல்லத் தேய்ப்பதே வழி. வெப்பத்தால் இறுகும் பிசினில் மாதிரியைப் பதிக்கும்போது 150 பாகை செல்சியஸ் வரை சூடு ஏறும். அலுமினியக் கலவைகள் போன்றவற்றுக்கு இது ஆகாது. அறை வெப்பத்தில் இறுகும் பிசினைப் பயன்படுத்துங்கள்.

ஒரு குழியைச் சுற்றியுள்ள உலோகம் ஏற்கெனவே இறுகியிருக்கும். எஃகிலும் செம்பிலும் அடுத்த குழியின் மையம் மூலைவிட்டத்தைப் போல குறைந்தது 3 மடங்கு தள்ளியும், பாகத்தின் ஓரம் 2.5 மடங்கு தள்ளியும் இருக்கட்டும். அலுமினியம், ஈயம் போன்ற மென்மையானவற்றில் இவை 6, 3 ஆகும். நெருங்கிப் போட்டால் எண் கூடும். ஓரத்தில் போட்டால் பொருள் பக்கவாட்டில் பிதுங்கி எண் குறையும். தடிமன் மூலைவிட்டத்தைப் போல 1.5 மடங்காவது இருக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு புடைப்போ தடமோ தெரிந்தால் அந்த அளவைத் தள்ளிவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் சான்றளிக்கப்பட்ட ஒப்புக் கட்டையில், அளக்கப்போகும் எண்ணுக்கு அருகிலுள்ள மதிப்பில், சரிபார்க்க வேண்டும். கட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் பயன்படுத்திச் சிக்கனம் பிடிக்கக் கூடாது. அடிப்பக்கக் குழிகளின் விளிம்புகள் கட்டையைச் சமமாக உட்காரவிடாது.

குழியின் வடிவமும் பேசும். விக்கர்ஸ் சதுரத்தின் பக்கங்கள் வெளிப்புறம் வீங்கியிருந்தால், சேற்றில் கால் வைத்தால் விரலோரம் சேறு பிதுங்குவதுபோலப் பொருள் விளிம்பில் எழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஏற்கெனவே அடித்தும் உருட்டியும் இறுகிய உலோகத்தில் இது நடக்கும். பக்கங்கள் உட்குழிந்திருந்தால் விளிம்பு அமுங்கியிருக்கிறது. மென்மையாக்கிய, இனிமேல் இறுகக்கூடிய உலோகத்தின் அடையாளம் இது. ஒரு மூலைவிட்டத்தின் ஒரு பாதி எப்போதும் மறுபாதியைவிட நீண்டிருந்தால் மாதிரி சாய்ந்திருக்கிறது, அல்லது முனை. மாதிரியை 90 பாகை திருப்பிப் போட்டால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும்.

குழியைப் பார்க்காமலே பரப்பைக் கணிப்பது

பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானாக இருந்தால், அதற்கு ஏற்ற குழியை ஒளி நுண்ணோக்கியால் அளக்க முடியாது. பூச்சின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குமேல் முனை இறங்கினால் அடித்தளத்தின் குணம் கலந்துவிடும் என்பது நடைமுறை விதி. அதாவது 100 நானோமீட்டர்தான் அனுமதி. இங்கேதான் நானோ அழுத்துச் சோதனை வருகிறது. விசையையும் ஆழத்தையும் ஏற்றும்போதும் இறக்கும்போதும் தொடர்ந்து பதிவுசெய்து, அந்த வரைகோட்டிலிருந்தே பரப்பைக் கணிக்கிறார்கள். முனை பெரும்பாலும் பெர்கோவிச் எனப்படும் மூன்று பக்க வைரக் கூம்பகம். மூன்று தளங்கள் எப்படியும் ஒரே புள்ளியில் சந்தித்தாக வேண்டும் என்பதால் கூர்நுனி செய்வது நான்கு பக்கத்தைவிட எளிது.

இறக்கும்போது பொருள் மீள்தன்மையோடு மட்டுமே எழுகிறது என்று கொண்டால், இறக்கக் கோட்டின் தொடக்கச் சரிவு தொடுபரப்பையும் மீள்குணகத்தையும் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) சார்ந்தது. இதை அடிப்படையாக வைத்து ஆலிவர், ஃபார் இருவரும் 1992இல் வெளியிட்ட முறையே இன்றைய கருவிகளில் எல்லாம் இயங்குகிறது. உருக்கி உறையவைத்த சிலிக்காவில் (ஒருவகைக் கண்ணாடி) ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்ச விசை 10 மில்லிநியூட்டன். உச்ச ஆழம் 298 நானோமீட்டர். சரிவு நானோமீட்டருக்கு 0.084 மில்லிநியூட்டன். விளிம்பு மீள்தன்மையால் அமுங்கிய அளவு, 0.75ஐ விசையால் பெருக்கிச் சரிவால் வகுத்தால் வரும்: 89. கழித்தால் உண்மையான தொடு ஆழம் 209. குறையற்ற பெர்கோவிச் முனைக்குப் பரப்பு, ஆழத்தின் வர்க்கத்தைப் போல 24.5 மடங்கு: 1.07 சதுர மைக்ரான். கடினத்தன்மை 9.3 கிகாபாஸ்கல். சரிவையும் பரப்பையும் சேர்த்தால் ஒட்டுமொத்த மீள்குணகம் ஏறக்குறைய 70 கிகாபாஸ்கல். அதிலிருந்து வைரத்தின் பங்கை, அதாவது 1141 கிகாபாஸ்கல் குணகமுள்ள முனையும் சற்று வளைகிறது என்பதை, நீக்கினால் சிலிக்காவின் யங் குணகம் 72. ஒரு குழியிலிருந்து இரண்டு குணங்கள்.

இதில் ஏமாறும் இடங்கள் நிறைய. முனையின் நுனி உண்மையில் கூர்மையானதல்ல. புதிதாக இருக்கும்போதே பல பத்து நானோமீட்டர் ஆரமுள்ள உருண்டை போன்றது, பயன்பாட்டில் மேலும் மழுங்கும். அதனால் 24.5 என்ற எண்ணை நம்பாமல், சிலிக்காவில் பல ஆழங்களில் அழுத்தி, அந்த முனைக்கே உரிய பரப்புச் சார்பை அடிக்கடி கண்டுபிடிக்க வேண்டும். அறை வெப்பம் சிறிது மாறினாலும் கருவி விரிந்து சுருங்கி ஆழத்தைத் திரிக்கும்; இறக்கத்தின் இடையே விசையை உச்சத்தில் பத்தில் ஒரு பங்கில் ஒரு நிமிடம் நிறுத்தி, அப்போது நகரும் வேகத்தை அளந்து திருத்துவார்கள். பாலிமரில் விசை குறையத் தொடங்கிய பிறகும் முனை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், கோடு முன்பக்கம் மூக்குபோல் துருத்தும். அதன் சரிவை நம்பிக் கணக்கிட்டால் குணகம் பொய்யாகக் கூடும். உச்ச விசையில் போதிய நேரம் நிறுத்திவைத்து, பிறகு வேகமாக இறக்குவதே மருந்து. மாதிரியைத் தடித்த பசையால் ஒட்டினால் பசையின் வளைவும் சேர்ந்து குணகம் குறைவாக வரும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது பிதுங்கல். இந்த முறைக்கு விளிம்பு அமுங்கும் என்று மட்டும்தான் தெரியும். எழும் என்று தெரியாது. இறுகிய உலோகத்தில் பிதுங்கிய பொருளும் முனையைத் தாங்குகிறது, ஆனால் அந்தப் பரப்பு கணக்கில் வருவதில்லை. விளைவு, கடினத்தன்மையும் குணகமும் உயர்ந்து வரும். தெரிந்த உலோகத்தின் குணகம் புத்தக மதிப்பைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். குழியை அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்து உண்மைப் பரப்பை அளப்பதே தீர்வு.

ஆழம் ஒரு மைக்ரானுக்குக் கீழே போகும்போது படிக உலோகங்கள் பெரிய குழிகளைவிடக் கடினமாகத் தெரிவதும் உண்டு. இது எல்லா நேரமும் பிழை அல்ல. சிறு இடத்தில் செங்குத்தான உருமாற்றம் நடக்க, டிஸ்லொகேஷன் எனும் படிக வரிக்குறைகள் நெருக்கமாகக் குவிய வேண்டியிருக்கிறது. குவியல் அடர்ந்தால் எதிர்ப்பும் கூடும். நிக்ஸ், காவ் இருவரும் 1998இல் தந்த விளக்கம் இது. ஆனால் மோசமான மெருகேற்றலும் மழுங்கிய நுனியும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், அளவு விளைவு (குழி சிறிதானதால் கூடிய கடினம்) என்று எழுதுமுன் அவற்றை விலக்கியாக வேண்டும்.

ரப்பரும் கண்ணாடியும்

ரப்பரில் நிரந்தரக் குழியே விழாது. ஷோர் ஏ கருவியில் வில்லால் அழுத்தப்படும் முனை 2.5 மி.மீ. துருத்தி நிற்கும், விசை இருக்கும்போதே எவ்வளவு உள்வாங்கியது என்று படிக்கிறார்கள். எண் 60 என்றால் முனை ரப்பருக்குள் 1 மி.மீ. இறங்கியிருக்கிறது. மாதிரி 6 மி.மீ. தடிமனாவது வேண்டும், இல்லையேல் அடியிலுள்ள மேசையைத்தான் அளப்பீர்கள். ரப்பர் நேரத்தோடு இளகிக்கொடுக்கும் என்பதால் எத்தனை விநாடியில் படித்தது என்பதையும் எழுத வேண்டும்.

கண்ணாடியிலும் பீங்கானிலும் விசை கூடினால் விக்கர்ஸ் குழியின் மூலைகளிலிருந்து விரிசல் ஓடும். அவற்றின் நீளத்திலிருந்து முறிவு எதிர்ப்பைக் கணிக்க 1981இல் ஆன்ஸ்டிஸ் குழுவினர் ஒரு சூத்திரம் தந்தனர். ஒரே குடும்பப் பொருள்களை ஒப்பிட இது வசதியானது. விரிசலின் வடிவம் பொருளுக்குப் பொருள் மாறுவதால், வடிவமைப்புக் கணக்குக்கு இந்த எண்ணை எடுத்துக்கொள்வது சரியல்ல.

அறிக்கை எழுதும்போது

வெறும் "கடினத்தன்மை 203" என்பதற்குப் பொருளே இல்லை. 203 எச்.வி. 10 என்று எழுதினால், விக்கர்ஸ் முறை, 10 கிலோ விசை, வழக்கமான 10 முதல் 15 விநாடி என்று படிப்பவர் அறிவார். நேரம் மாறினால் 203 எச்.வி. 10/20 என்று விநாடியையும் சேர்க்க வேண்டும். பிரினெலில் உருண்டை விட்டமும் வரும்: 229 எச்.பி.டபிள்யூ. 10/3000. ஒரு முறையின் எண்ணை இன்னொன்றுக்கு மாற்றியிருந்தால் அளந்த எண்ணையே முதலில் எழுதி, எந்த அட்டவணையால் மாற்றினீர்கள் என்று குறிப்பிடுங்கள். அந்த அட்டவணைகள் குறிப்பிட்ட உலோக வகைகளில் அளந்து தொகுத்தவை, இயற்பியல் விதிகள் அல்ல. எஃகுக்கான அட்டவணையில் வெண்கலத்தைப் போட்டாலும் ஓர் எண் வரத்தான் செய்யும்.